எழுபத்திரண்டு கிலோ

இசக்கிராஜ் காற்றில் மிதக்கிறவன் என்று தாராவியில் பெயர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ரீல்ஸில் நீங்களும் பார்த்திருக்கலாம். தரைக்கு ரெண்டடி மேலே, கை காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மகராசன் படுத்திருப்பான். அடியில் ஒன்றும் இருக்காது. மூன்று லட்சம் பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அடியில் இருந்தது அவன் பொண்டாட்டி தங்கமயில். கையையும் முட்டியையும் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பாள். அவள் முதுகில் குறுக்கே அவன் படுப்பான். ஆளில்லாத அறையை முதலிலேயே தனியாகப் படம் பிடித்து வைத்திருப்பான். அவள் இருக்கிற படத்துக்கு அடியில் அதை வைத்து, போனில் விரலால் தேய்த்துத் தேய்த்து அவளை அழித்துவிடுவான். நல்லபடியாக வருகிற வரைக்கும் ஏழெட்டுத் தடவையாவது அவள் சுமக்க வேண்டும். ஒருமுறை கொண்டை மட்டும் அழியாமல் மிஞ்சிவிட்டது. "கீழே என்ன, பூனையா?" என்று எவனோ கேட்டிருந்தான். இசக்கிராஜ் அதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாள் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. தையல் மிஷினில் அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. "ஆராம் கரோ, ரெஸ்ட் எடு" என்று தையல் கடை சேட் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். இடது கால் மரத்துப்போன பிறகுதான் இசக்கிராஜ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

"ஏட்டி, தண்ணிக் கேன் தூக்கயில வழுக்கிட்டுன்னு சொல்லிரு," என்றான் வழியில். "வேற எதையும் உளறிராத. வெளிய தெரிஞ்சா எல்லாம் கதம்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'என்னைச் சுமந்துதான் இவளுக்கு இப்படி ஆச்சு' என்று டாக்டர் முன்னால் அவன் வாயால் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், அந்த ஒரு அறைக்குள் சொன்னால் போதும். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். எட்டு மாதம் குனிந்தவளுக்கு இந்த நம்பிக்கைகூட இருக்கக் கூடாதா?

டாக்டர் பிரேமலதா அவளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்திப் பார்த்தார். "கனமா ஏதாவது தூக்கறியாம்மா? டெய்லி?"

தங்கமயில் தலையைத் திருப்பி இசக்கிராஜைப் பார்த்தாள்.

"தண்ணிக் கேன் தூக்கயில வழுக்கிட்டு டாக்டர்," என்றான் அவன். "மத்தபடி ஒரு கொடம்கூட தூக்க விடமாட்டேன்."

டாக்டர் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த மிதக்கறவர் இல்லையோ? எம் பொண்ணு காட்டுவா! எப்படிப் பண்றேள்?"

"எல்லாம் மூச்சுப் பயிற்சிதான் டாக்டர்."

மூச்சுப் பயிற்சியாம்!

"தூக்குதேன் டாக்டர்," என்றாள் தங்கமயில், படுத்தபடியே. "தெனமும் எழுபத்திரண்டு கிலோ. இந்தா நிக்காகளே, இவுகளத்தான்."

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையைத் தட்டிச் சிரித்தார். "அப்படிச் சொல்லு! நாங்க எல்லாருமே அதைத்தானேம்மா சுமக்கறோம். எங்காத்துல தொண்ணூறு கிலோ!" நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நெசமாத்தான் டாக்டர்," என்றாள் தங்கமயில். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் இசக்கிராஜ். "சரியான வாயாடி டாக்டர் இவ," என்று செல்லமாக அவள் தலையில் தட்டினான்.

பொய் சொன்னதைக்கூடத் தங்கமயில் பொறுத்திருப்பாள். அந்தச் செல்லத்தை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.