உறுப்பினர் எண் 11846

லண்டனிலிருந்து வந்த உறையைக் கிழிக்கும்போது சுவீ கிம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எதிர் நாற்காலியில் அலுவலகச் செயலாளர் தனபாக்கியம், சனிக்கிழமை நடக்கும் பொன்விழா விருந்தின் சாப்பாட்டுப் பட்டியலை விசிறி மாதிரி ஆட்டிப் பொருமிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி பங்குதாரராகிவிட்ட பிறகும் 'வாடி, போடி' மாறவில்லை.

"வேற நாளே கிடைக்கலையா இவங்களுக்கு? புரட்டாசி சனிக்கிழமையாப் பார்த்து வெச்சிருக்காங்க. நீங்கல்லாம் நண்டு உடைப்பீங்க, நான் சோயாக்கட்டி தௌபூவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அம்பது வருஷத்துக்கு ஒருவாட்டி வர்ற விருந்துடி! ஏய் கிம், காதுல விழுதா இல்லையா?"

விழவில்லை. சுவீ கிம் கடிதத்தை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தமே ஐந்து வரி. 'தாங்கள் குறிப்பிட்டுள்ள 11846 என்ற உறுப்பினர் எண், 1972இல் காலமான திரு. சாவ் பூன் கியாட்டுக்கு உரியது. திரு. ஓங் தியேக் ஹுவாட் எங்களிடம் மாணவராகப் பதிந்திருந்தார். இறுதித் தேர்வை நான்கு முறை எழுதியும் தேர்ச்சி பெறவில்லை. 1970இல் அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆகவே அவர் பெயரில் சான்றிதழ் நகல் வழங்க இயலாது.'

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ போ, நான் அப்புறம் வர்றேன்."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரே கடுதாசிய இத்தனை தடவை படிக்கிற?" என்று கேட்டுவிட்டு, பட்டியலைச் சுருட்டிக்கொண்டு தனபாக்கியம் எழுந்து போனாள்.

நல்லது செய்யப் போய் வந்த வினை இது. எழுபதுகளில் வந்த ஒரு வெள்ளத்தில், அலுவலகத்தை நிறுவிய மிஸ்டர் ஓங்கின் கணக்காளர் சான்றிதழ் அடித்துக்கொண்டு போய்விட்டதாக அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொன்விழாவில் அவருக்குத் தங்கப் பேனாவா கொடுப்பது, அவரிடம் இல்லாத தங்கப் பேனாவா! புதிதாக ஒரு சான்றிதழ் வரவழைத்து, தேக்குச் சட்டம் போட்டு, மேடையில் வைத்துக் கொடுத்தால் மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிடுவார் என்று நினைத்தாள். யாரிடமும் மூச்சு விடாமல், அலுவலகப் பதிவில் இருந்த அவர் உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு லண்டன் கணக்காளர் சங்கத்துக்கு எழுதினாள். எழுதும்போது, பழக்கதோஷம், 'பதிலை நேரடியாக எனக்கே அனுப்பவும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே கற்றுத் தருகிற வரி அது. நகலை நம்பாதே, மூலத்துக்கு எழுது, பதில் நடுவில் ஒருவர் கையிலும் படாமல் நம் கைக்கு வர வேண்டும். அந்த வரியைப் புகுத்தியதே மிஸ்டர் ஓங்தான்.

ஓங், சாவ் அண்ட் கம்பெனி பினாங்கில் லேசுப்பட்ட பெயரல்ல. 1966இல் கேம்பல் தெருவில் ஒரு காப்பிக்கடையின் மாடியில், இரண்டு நண்பர்களும் ஒரு தட்டச்சு இயந்திரமுமாகத் தொடங்கியது. கருவாட்டு வியாபாரிகளும் ரப்பர் புகைவீட்டுக்காரர்களும்தான் முதல் வாடிக்கையாளர்கள். கீழே காப்பிக்கொட்டை வறுத்தால் மேலே பேரேடெல்லாம் கமகமவென்று மணக்குமாம். ஆறே வருடத்தில் சாவ் மாரடைப்பில் போய்விட்டார். ஓங் ஒற்றை ஆளாக இழுத்தார். பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் முளைத்தபோது, ஊரிலுள்ள பெரிய தணிக்கை நிறுவனங்கள் முந்திக்கொள்ள, இவர் அந்தத் தொழிற்சாலைகளுக்குத் திருகாணியும் அட்டைப்பெட்டியும் சப்ளை செய்தவர்களைத் தேடிப் போனார். அவர்கள் வளர்ந்தார்கள், இவரும் வளர்ந்தார். இன்று பீச் தெருவில் மூன்று மாடி, தைப்பிங்கிலும் சுங்கை பட்டாணியிலும் கிளைகள், மொத்தம் அறுபத்து நான்கு பேர். இவ்வளவையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எண்பது பக்கப் புத்தகமாக எழுதியவள் சுவீ கிம்தான். திருத்தங்களுக்கு அச்சகத்தான் நாளைக் காலை வரைதான் பொறுத்திருப்பான்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது பன்றிப் பண்ணைக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வால்டோர் கிராமத்துக்குப் பன்றிகளை எண்ண அனுப்பினார். அறுநூறு என்று எண்ணிக்கொண்டு வந்தாள். "எண்ணின பன்னிய அடுத்த கொட்டடிக்கு ஓட்டிவிட்டா மறுபடியும் எண்ணுவியே, வெக்கமா இல்ல?" என்று திட்டி, ஒரு டப்பா நீலச் சாயத்தோடு திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு பன்றியின் முதுகிலும் கோடு போட்டுக்கொண்டே எண்ணினாள். நானூற்றுப் பதினொன்று! சாயம் பூசாத பன்றியை நம்பாத மனிதரிடம், ஐம்பது வருடமாக ஒருத்தரும் "உங்க சான்றிதழ் எங்கே?" என்று கேட்கவில்லையே. மீன்பிடிப் படகு உரிமத்திலிருந்து சவக்கிடங்கு வாடகைச் சீட்டு வரை ஊரிலுள்ள மூலப் பத்திரங்களையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்த அலுவலகம். அந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது நின்றது.

ஏனென்றால் அப்போதுதான் உறைத்தது. அவள் தணிக்கையாளரானது பரீட்சை எழுதி மட்டுமல்ல. தகுதி பெற்ற ஓர் உறுப்பினரின் மேற்பார்வையில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அவர் அதற்குக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டவர் மிஸ்டர் ஓங். அந்த மூன்று வருடம் செல்லாது என்றால் அவள் உரிமம் செல்லாது. உரிமம் செல்லாதென்றால் இருபத்தைந்து வருடமாக அவள் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும்... ஐயோ, நான் யார்? ஐம்பத்தொரு வயதில், மிஸ்டர் ஓங்கின் அறைக்குப் போகும் மூன்றாம் மாடிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மிஸ்டர் ஓங்குக்கு எண்பத்து மூன்று வயது. கையெழுத்திடுவதை நிறுத்தி நாலு வருடமாகியும் தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார். பிஸ்கட்டைக் கறுப்புக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டு, விழாவில் பேசப்போவதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா, ஆ கிம். உக்காந்து கேளு. ஜோக் வர்ற இடத்துல நான் மேசையத் தட்டுவேன், நீ சிரிக்கணும். போன தடவை தட்டியும் ஒருத்தனும் சிரிக்கல."

அவள் உட்காரவில்லை. கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் அவளை மேலும் கலங்கடித்தது.

"நாலு தடவைன்னு போட்டிருக்கான். அஞ்சு. கடைசித் தடவை பாதியில எந்திரிச்சு வந்துட்டேன், அதச் சேக்கல போல."

"மிஸ்டர் ஓங்!"

"தணிக்கையாளரெல்லாம் அரசாங்கத்துல பதிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தப்போ, சாவ்தான் ரெண்டு பேர் பாரத்தையும் நிரப்பினான். அவன் நம்பரையே எனக்கும் போட்டான். 'அடுத்த வருஷம் நீ பாஸாயிடுவ, அப்ப மாத்திக்கலாம்'னான். ஆபீசர் படிச்சுக்கூடப் பாக்காம முத்திரை குத்தினான். அப்புறம் சாவ் செத்துப்போயிட்டான்." பிஸ்கட் காப்பிக்குள் உடைந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னுதான் நினைச்சேன், ஆ கிம்."

"என்னோட மூணு வருஷத்துக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"எனக்கு மட்டுமா? இந்தக் கட்டடத்துல இருபது, முப்பது பேருக்கு..."

"முப்பத்தி நாலு," என்றார் உடனே. "நீ ஏழாவது ஆளு."

எண்ணி வைத்திருக்கிறார்! வருடத்துக்கு வருடம், ஒவ்வொருவருக்கும் கையெழுத்திடும்போதும் எண்ணியிருக்கிறார். அவளுக்கு ஓங்கி அறைந்தது போலிருந்தது. அந்த அதிர்ச்சியில் வாயிலிருந்து என்ன வருகிறதென்று அவளுக்கே தெரியவில்லை.

"கிழிச்சுப் போட்டுடட்டுமா? எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் கேக்க மாட்டாங்க."

சொன்ன மறுகணமே உடம்பெல்லாம் கூசியது. கிழவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இத்தனை நேரம் அசையாத முகம் அப்போதுதான் சிவந்தது.

"வந்த பேப்பரக் கிழிக்கிறதா? இந்த ஆபீஸ்லயா?"

இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். வெளியிலிருந்து ஆதாரமாக வருகிற எந்தக் கடிதமானாலும் வலது மேல் மூலையில் இரண்டு சுருக்கொப்பம் விழ வேண்டும் என்பது அலுவலக வழக்கம். எழுதிக் கேட்டவருடையது முதலில், பார்த்து ஒப்புக்கொண்டவருடையது இரண்டாவது. இரண்டும் விழுந்துவிட்டால் அப்புறம் அதைக் கோப்பிலிருந்து எடுக்க ஒருவராலும் முடியாது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் ஒப்பத்துக்கு இடம் விட்டு, இரண்டாவது இடத்தில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் போட்டார். கீழே தேதியும் போட்டார்.

பிறகு பேனாவைத் திருப்பிப் பிடித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கீழே தெருவில் லாரியொன்று ஹாரனை அடித்துக்கொண்டே போனது. நீட்டிய கை நீட்டியபடி நிற்க, அவர் போட்ட ஒப்பத்தின் மை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வெள்ளையாகக் கிடந்தது.