கழற்ற வேண்டாத லென்ஸ்

சுகமய் லாஹிரிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு லென்ஸ். கேமராவில் ஒரு தடவை மாட்டிவிட்டால் மலையிலிருந்து வீடு திரும்புகிறவரை அதைக் கழற்றவே கூடாது. மேஜைமேல் இருக்கிற மோமோ தட்டும் அதிலேயே விழ வேண்டும், எதிர்ச் சரிவில் மர உச்சியில் உட்கார்ந்திருக்கிற பறவையும் அதிலேயே விழ வேண்டும்.

"எல்லாத்தையும் செய்யறேன்னு சொல்ற லென்ஸ் எதையுமே முழுசாச் செய்யாது," என்றாள் அவர் மனைவி சர்பாணி. ஹௌராவுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் படித்துக்கொண்டே வந்தாள். "ஓரமெல்லாம் மங்குதாம். வெளிச்சம் குறைஞ்சா திணறுதாம். பழையபடி சின்னது ஒண்ணு, நீளமா ஒண்ணுன்னு ரெண்டா வச்சுக்கோயேன். மாட்டிக் கழட்டறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"மலையில தூசி. கேமராவுக்குள்ள போயிடும்."

"நாம போற ரிஷப் மலையில தூசியா? மேகம்தான் போகும்."

இருவரும் கல்லூரி நாளிலிருந்தே ஒருவரையொருவர் நீ, வா, போ என்று பேசிப் பழகியவர்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் வாய்கொடுத்து அவர் ஜெயித்தது கிடையாது.

கேமரா, பூனாவில் வேலைபார்க்கும் மகள் மோஹர் அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. கூடவே இரண்டு லென்ஸ். அதில் நீளமானது இப்போது சிலிகா ஏரியின் அடியில் சேற்றில் கிடக்கிறது. பிப்ரவரியில் படகில் உட்கார்ந்து ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டப் போனார், நழுவிவிட்டது. "படகு ஆடிடுச்சு," என்றார். படகுக்காரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

ஆடியது அவருடைய வலது கை. போன துர்கா பூஜைக்குப் பிறகு கட்டைவிரலில் ஆரம்பித்தது. கைநீட்டிப் பிடித்தால் மணிக்கட்டுவரை வந்தது. சர்பாணி குளிக்கப் போயிருக்கும்போது சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். தேநீரை இடது கைக்கு மாற்றினார். உத்தர்பாரா ஸ்டேஷன் ரோட்டில் இருபத்தேழு வருஷமாகப் பல் டாக்டர். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் கரண்டி பிடிக்க முடியாமல் கிடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இது என்னவென்று இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்கத் துணிவு வரவில்லை.

கேமராக் கடைகள் நெருக்கியடிக்கும் மெட்ரோ கலிச் சந்தில் ஹால்தாரின் கடை ஒரு அலமாரி அகலம்தான். ஹால்தாருக்கு அறுபது இருக்கும். வாய் மட்டும் கடையைவிடப் பெரிது. கடைக்கு வரும் பெண்களெல்லாம் அவருக்கு பௌதி, அதாவது அண்ணி.

"வாங்க டாக்டர்பாபு, வாங்க பௌதி! பூஜைக்கு எந்த மலை? பெங்காலி பூஜைக்கு வீட்ல இருந்தா ஜாதியை விட்டுத் தள்ளிடுவாங்களே!"

வேண்டியதைச் சொன்னார்கள். ஹால்தார் கண்ணாடி மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பதினெட்டிலிருந்து நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் வரை. இரண்டாவது இருநூறு வரை. மூன்றாவது, நானூறு வரை நீளும் குண்டு.

"சின்னது கழுத்துல தொங்கறதே தெரியாது. நடுவாந்தரம்தான் ஜனங்க அதிகமா வாங்கறது. இந்தக் குண்டன் இருக்கானே, இவனைத் தூக்கிட்டு மலையேறினா பின்னாடியே பிசியோதெரபிக்காரனையும் கூட்டிட்டுப் போகணும்."

"பறவை எதுல நல்லா வரும்?" என்றார் சுகமய்.

"நானூறுலதான். ஆனா பாருங்க டாக்டர்பாபு, தூரத்தை எத்தனை கிட்டக் கொண்டுவருதோ, அத்தனைக்குக் கை ஆட்டத்தையும் பெருசாக் காட்டும். உள்ளே ஆட்டத்தைத் தாங்கற பொறி இருக்கு. இருந்தாலும் அதுக்கும் ஒரு அளவு உண்டு."

அந்தப் பொறியைப் பற்றித்தான் சுகமய் ஒரு மாதமாகத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தார். லென்ஸுக்குள்ளே ஒரு கண்ணாடி மிதக்கிறதாம், கை ஒரு பக்கம் போனால் அது மறு பக்கம் போகுமாம். அதை நம்பித்தான் வந்திருந்தார்.

இருநூறை மாட்டித் தந்தார் ஹால்தார். சந்துக்கு வந்து, எதிர்க் கட்டடத்து மாடி விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாக்களைக் குறி வைத்தார் சுகமய். வானம் மூட்டமாக இருந்தது. முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டு நான்கு எடுத்தார். கேமராவின் பின்பக்கத் திரையில் புறாக்கள் சாம்பல் கறையாக இருந்தன. குண்டனை மாட்டி எடுத்தார். அதில் கறை பெரிதாக இருந்தது.

"இந்தப் பொறி வேலை செய்யலை," என்றார். "ரெண்டுமே பழுது."

"இருக்காதே." ஹால்தார் வாங்கி, பக்கவாட்டுப் பொத்தானைப் பார்த்து, அலட்சியமாக ஒன்று எடுத்தார். புறாவின் கழுத்துப் பச்சை பளிச்சென்று விழுந்திருந்தது.

"நீங்க தொழில்காரர். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வரணும். பழுதான சரக்கைத் தலையில கட்டப் பாக்கறீங்க!" அவருடைய குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பௌதி, நீங்க ஒண்ணு எடுங்க," என்றார் ஹால்தார், சாதாரணமாக.

சர்பாணி வாழ்நாளில் கேமராவைக் கையால் தொட்டவளில்லை. எடுத்தாள். புறா ஓரத்துக்குப் போய்விட்டது, ஆனால் அதன் கண் தெரிந்தது.

அப்புறம்தான் அவள் புருஷனைப் பார்த்தாள். முகத்தை அல்ல. கேமராவைத் திருப்பி வாங்க நீண்டிருந்த கையை. அவர் சட்டென்று அதைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஹால்தார் லென்ஸ் மூடியைத் துடைப்பதில் மும்முரமானார். "சனிக்கிழமை வரைக்கும் மூணையும் எடுத்து வைக்கிறேன். அவசரமே இல்லை," என்றார். அவர் குரலில் வழக்கமான சத்தம் இல்லை.

மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க் கடையில் பெஞ்சு காலியாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"பத்து மாசம்."

"பத்து மாசமா கிளினிக் போயிட்டு வர்றே."

"பல் பிடுங்கறதை எல்லாம் டாக்டர் கௌஷிக்குக்கு அனுப்பிடறேன். சுத்தம் பண்றது, அடைக்கறது மட்டும்தான். மேஜைல முழங்கையை ஊன்றினா நிக்குது, சர்பாணி. சத்தியமா நிக்குது."

"எப்பவும் நிக்குதா?"

அவள் தோண்டவில்லை, காத்திருந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், கேயா சென்குப்தாவின் மகள் தோர்ஷா. ஒன்பது வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. துளைக்கிற கருவி பல்லிலிருந்து வழுக்கி நாக்கின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். தாய் பதறி ஓடிவந்தபோது அவர் வாயிலிருந்து தானாக வந்தது அந்த வார்த்தை: "குழந்தை தலையை ஆட்டிட்டா." கேயா அங்கேயே, நாற்காலியில் வைத்தே, பிள்ளையின் தோளில் இரண்டு போட்டாள்.

சர்பாணி கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ என்ன பண்ணினே?"

"கையைக் கழுவிட்டிருந்தேன்."

ரயிலில் அவள் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலி ஸ்டேஷன் தாண்டியதும், "நாளைக்குக் கிளினிக் கிடையாது. முதல்ல கேயா வீட்டுக்குப் போறே," என்றாள்.

"டாக்டரைப் பார்த்துட்டு, என்ன ஏதுன்னு தெரிஞ்சப்புறம்..."

"அது உன் கைக்கு. இது அந்தப் பிள்ளைக்கு."

மறுநாள் காலை சர்பாணி வாசல் கேட்டருகே நின்றுகொண்டாள். உள்ளே அவர் மட்டும் போனார். கேயா பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். புறப்படுகிற அவசரத்தில் இருந்தாள். "டாக்டர்பாபு! உட்காருங்க, டீ போடறேன்."

"வேண்டாம் கேயா. அன்னைக்கு தோர்ஷா தலையை ஆட்டலை. என் கைதான் ஆடுச்சு."

அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். வேண்டுமென்றே அதை ஒருவர் முன்னால் நீட்டியது அதுதான் முதல் தடவை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாயில ரத்தத்தோட இருந்தவளை அடிச்சேன்," என்றாள் கேயா மெதுவாக. "நீங்க பார்த்துட்டு நின்னீங்க."

"ஆமா."

"நான் ஆடலைம்மா, நான் ஆடலைம்மான்னு தினம் சொல்றா. பொய் வேற சொல்றியான்னு அதுக்கும் திட்டினேன். மூணு வாரம்! எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லுங்க."

தோர்ஷா ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வந்து நின்றாள். அவர் குனிந்து, "நீ ஆடலை. என் கைதான் ஆடுச்சு. உன் மேல பழியைப் போட்டுட்டேன்," என்றார்.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்," என்றார்.

பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டாள். கேயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கதவருகே வந்து, மரியாதை குறையாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இனிமே யார் வாயிலயும் கை வைக்காதீங்க. வச்சீங்கன்னு காதுல விழுந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவள் சும்மாவும் இருக்கவில்லை. இரண்டு நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் சந்தையில் ஒருவர், "என் பல்லு போன மாசம் நீங்க அடைச்சது, சரியா இருக்குமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. "கௌஷிக்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க," என்றார். கிளினிக் கதவில் ஒட்ட ஒரு காகிதம் எழுத உட்கார்ந்தார். விடுமுறை என்பதோடு நின்றுவிட்டது. எதுவரைக்கும் என்று எழுத அவருக்கும் தெரியவில்லை, சர்பாணிக்கும் தெரியவில்லை.

நரம்பு டாக்டர், நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் பத்து மாதமாக மனதுக்குள்கூட உச்சரிக்காமல் வைத்திருந்த, அண்ணனுக்கு வந்த அதே நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை எழுதினார். சிலருக்கு வருஷக்கணக்கில் பெரிதாக முற்றாது என்றார், மற்றவர்களுக்கு எப்படி என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் சர்பாணி அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவர் கழுத்தை நீட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை அவருக்குப் போக மனமில்லை. "எதுக்கு லென்ஸ்?" என்றார். "டிக்கெட்டையும் ரத்து பண்ணிடலாம்."

"நான் புடவை எல்லாம் எடுத்து வச்சாச்சு," என்றாள் அவள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. "கிளம்பு."

ஹால்தார் மூன்றையும் எடுத்து வைத்தார். சுகமய் கண்ணாடிமேல் கையை வைத்து, அது ஆடுகிறபடியே விட்டார். "அன்னைக்கு உங்க சரக்கைக் குறை சொன்னேன். குறை இதுல. இந்தக் கைக்கு எது சரிவரும், நீங்களே சொல்லுங்க."

ஹால்தார் கேமராவை எடுத்து, மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டு, ஜோக்கில்லாமல் தொழில் பேசினார். படம் எடுக்கிற நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் நீளாதபடி வைத்துக்கொடுத்தார். "அத்தனை சீக்கிரத்துல கை எங்கேயும் போக முடியாது. படத்துல கொஞ்சம் புள்ளி விழும், விழட்டும். ஆனா இந்த லென்ஸுங்க எல்லாம் வெளிச்சத்துக்குப் பஞ்சப்பட்டதுங்க. மேகம் இறங்கிட்டா எதுவும் உதவாது, அதையும் சொல்லிடறேன். எல்லாமே ஒண்ணுல வேணும்னா இருநூறு. பாரம் வேண்டாம்னா சின்னது."

சுகமய் நானூறைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். அதைத்தான் விரும்பி வந்திருந்தார். கீழே வைத்தார். இருநூறையும் நகர்த்தினார். "சின்னது போதும்."

"பறவை?" என்றாள் சர்பாணி.

"கிட்ட வந்தா எடுக்கறேன்."

வெளியே வந்து முயற்சி செய்தார். பத்தில் ஆறு தெளிவாக இருந்தது. மாடி விளிம்புப் புறாக்கள் கடுகளவுதான் இருந்தன, ஆனால் புறாக்கள் என்று தெரிந்தது. ஏழாவது படத்தில் அவள் குறுக்கே வந்துவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுகையா எரிச்சலா என்று சொல்ல முடியாத முகத்தோடு.

"அதை அழி," என்றாள்.

"வேண்டாம்."

"சொன்னாக் கேளு. ரொம்ப அசிங்கமா இருக்கேன்."

அவர் அழிக்கத்தான் பார்த்தார். அந்தச் சின்னப் பொத்தானில் விரல் நிலைக்கவில்லை. மூன்று தடவை தவறியது. சர்பாணி கேமராவை வாங்கி, அழிக்கவும் செய்யாமல், பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "நாலு பத்து லோக்கலைப் பிடிக்கணும், நட," என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.