குறி தப்பிய திட்டு

சுகந்திக்குக் குரல் நடுங்க ஆரம்பித்ததிலிருந்து, அவள் திட்டுகிற திட்டு உரியவர்மேல் விழாமல் அக்கம்பக்கத்தார்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காகக் கணவன் ஞானசேகரை ஒரு பிடி பிடித்தால், எதிர்வீட்டு ரிட்டையர்ட் தாசில்தார் ஓடிப்போய்த் தன் துண்டைக் கொடியில் போட்டார். ஞானசேகர் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். தெருவே திருந்திவிட்டது, வீடு மட்டும் அப்படியே கிடந்தது. கான்வென்ட்டில் பேச்சுப் போட்டிக்குக் கோப்பை வாங்கிய குரலாக்கும் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டதற்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் கணவனின் அண்ணன் வேலாயுதம், தன் மருமகளோடு ஒத்துப்போகாமல், ஞாயிற்றுக்கிழமை பெட்டி படுக்கையோடு வருவதாக இருந்தது. முன்னறையில் நிரந்தரமாகத் தங்க. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அந்த வீட்டில் இருந்த ஒரே அறை அது. ஞானசேகர் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். ஆகவே "முடியாது" என்று அவள்தான் சொல்லியாக வேண்டும். அது வேலாயுதத்தின் மேலேயே விழுந்தாக வேண்டும். தப்பித் தாசில்தார்மேல் விழுந்தால், பாவம், மனுஷர் சொந்த வீட்டைக் காலி செய்துவிடுவார்.

தொண்டை டாக்டர் மெர்லின், டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கம்மா விழுது?"

"எதிர்வீட்ல."

"எப்பவும் எதிர்வீடுதானா? இல்ல, வார்த்தை வார்த்தையா தெருவெல்லாம் சிதறுதா?"

"கோபம் வந்தா சிதறுது."

"கோபம் எப்பெப்ப வரும்?"

"வாயைத் திறந்தா."

ஒரே வீட்டில் விழுந்தால் அது சீரான நடுக்கம், மாத்திரை போதும் என்றார் டாக்டர். ஆனால் மாத்திரையில் தூரம்தான் குறையும், குறி சேராது. மாத்திரை எடுத்த ஒரு டீச்சரின் திட்டெல்லாம் அவர் வீட்டு ஃபிரிட்ஜ்மேல் விழுந்து, அது மனம் நொந்து ஐஸ் கட்டுவதையே நிறுத்திவிட்டது. சிதறுவது தசை இழுப்பு. அதற்குத் தொண்டையில் ஊசி. குறி அச்சாக இருக்கும், குரல்தான் சில மாதம் பஞ்சாகிவிடும். தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதுகிற பயிற்சியும் உண்டு. எல்லா நடுக்கத்துக்கும் நல்லது, பொறுமை மட்டும் வேண்டும்.

"அது எங்க கிடைக்கும் டாக்டர்?"

"எங்க ஃபார்மஸில இல்லம்மா."

"அப்ப ஊசியே போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் வந்தார். பெட்டியை முன்னறை வாசலில் வைத்தார். சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நின்றாள்.

"முடியாது அத்தான். இந்த ரூம் எனக்கு வேணும்."

மயிரிழை விலகாமல் அது அவர்மேலேயே விழுந்தது. ஆனால் இறகு மாதிரி விழுந்தது. வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"முடியாது அத்தான்."

"என்னை எத்தனையோ பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. இவ்வளவு பதமா யாரும் சொன்னதில்ல." அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். படியிறங்கியவர், தயங்கித் திரும்பினார். "வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாமா? மருமக ருசி பார்க்கட்டும்."

சுகந்தி அடுக்களையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து, வாயருகே பிடித்து, உள்ளே மூன்று "முடியாது" சொன்னாள். ஞானசேகர் மூடியை அழுத்தி மூடினார்.

"ஆறிடறதுக்குள்ள கொடுத்துடுங்க அத்தான்," என்றாள். "டப்பா திரும்பி வரணும்."