சுத்தமான கை

"கண்ணாடி மாட்டியாச்சு. இனிமே உன் நிழல்கூட முன்பக்கம் விழக் கூடாது, புரியுதா?"

முதலாளியின் அம்மா இப்படிச் சொன்னதும் பின்வாசலின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. பின்வாசல் என்பது அந்தச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரிக்கு வைத்த பெயர். சந்து வழியாக வந்து சந்து வழியாகவே போகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கடையின் குழம்பும் வறுவலும் அவள் கைப்பக்குவம்தான். ஆனால் அவளுடைய அப்பா ஊர்ச் சாக்கடை அள்ளியவர். அதனால் அவள் சமைத்ததைச் சாப்பிடலாம், அவள் சமைப்பதைத்தான் பார்க்கக் கூடாது. அடடா, என்ன நியாயம்!

அந்தத் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் விழ வேண்டும். அவ்வளவு கடைகளுக்கு நடுவிலும் இந்தச் சின்னக் கடை ருசியை வைத்தே பிழைத்து வந்தது. போன மாதம் எதிரே ஒரு பெரிய கடை முளைத்தது. கண்ணாடிச் சுவர் வைத்த சமையலறை, நீளத் தொப்பி போட்ட ஆள், அவர் வாணலியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் காட்டுகிற வித்தை. கூட்டம் அங்கே அள்ளிக்கொண்டு போனது. இங்கே முதலாளி ஈ ஓட்டினார்.

"அவன்கிட்ட கண்ணாடி இருக்கு, நம்மகிட்ட ருசி இருக்கு. நாமளும் கண்ணாடி வெச்சிட்டா எவனால நம்மளை அசைக்க முடியும்?" என்று முன்சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார். ‘எங்கள் சமையலைக் கண்ணால் பாருங்கள்’ என்று பலகையும் தொங்கவிட்டார். சரி, கண்ணாடிக்குப் பின்னால் யார் நிற்பது? அவருடைய மனைவி. வெள்ளை உடுப்பு மாட்டி, அடுப்பில் வெந்நீரைக் கொதிக்கவைத்து, அதை அவள் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிஜச் சமையல் பின்னாலுள்ள ஜன்னலில்லாத சாமான் அறையில். அங்கிருந்து ஒரு சின்னத் திறப்பு வழியாகப் பாத்திரங்கள் மேடைக்கடியில் வந்துவிடும்.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா. யாராவது எதாவது கேட்டா?" என்றாள் முதலாளியின் மனைவி, திறப்பருகே குனிந்து.

"சிரிச்சுட்டு நில்லுங்கம்மா, போதும்" என்றாள் பின்வாசல். சொன்னவளுக்கும் பயம் இருந்தது. முன்பு வேலை செய்த கடையில் யாரோ அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அவள் தொட்ட பாத்திரங்களையெல்லாம் அந்த முதலாளி நடுத்தெருவில் வீசினார். அவை உருண்ட சத்தம் இன்னும் கனவில் வந்து அவளை எழுப்பும்.

அவளுடைய தங்கையும் வேறொரு கடையில் சமைக்கிறவள்தான். தெருவில் எதிர்ப்பட்டால் தெரியாதவர்கள் மாதிரி போய்விட வேண்டும் என்பது இருவருக்குள்ளும் ஒப்பந்தம். ஒருத்தி மாட்டிக்கொண்டாலும் மற்றவள் பிழைத்துக்கொள்ள வேண்டுமே.

மதியம் கூட்டம் நிஜமாகவே வந்தது. முதலாளியின் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு. துணிக்கடைக்காரரும் வந்தார். தெருவில் அவர் சொன்னது சட்டம். அவர் சாப்பிடுகிற கடையில்தான் மற்ற வியாபாரிகளும் சாப்பிடுவார்கள். கொஞ்ச நாளாக எதிர்க்கடைப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தவர். இரண்டு தட்டு காலி செய்து, விரலைச் சப்பிவிட்டு, கண்ணாடியருகே வந்து நின்றார்.

"பேஷ்! என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு மீன் வறுத்துக் குடும்மா, பாப்போம்."

முதலாளியின் மனைவி முதலாளியைப் பார்த்தாள். அவர் பல்லைக் காட்டித் தலையாட்டினார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாணலியில் எண்ணெயைக் கவிழ்த்து, தீயை முழுக்கத் திருகிவிட்டு நின்றாள். எண்ணெய் புகைந்தது. அப்புறம் குபீரென்று பற்றிக்கொண்டது. "ஐயோ!" என்று அலறியபடி அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

திறப்பு வழியாகப் பின்வாசல் அதைப் பார்த்தாள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் விழுந்தால் அந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முன்னால் போனால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்றும் தெரியும். இருந்தும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"ஊத்தாதீங்கம்மா!"

குடத்தைப் பிடித்துத் தள்ளினாள். அடுப்பை அணைத்தாள். ஒரு பெரிய மூடியை எடுத்து வாணலிமேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது.

"இது அந்தச் சாக்கடைக்காரன் பொண்ணாச்சே!" என்றார் துணிக்கடைக்காரர்.

"பாத்திரம் கழுவ வந்தவ அவ! சொல்லுடி, பாத்திரம் கழுவத்தானே வந்தே?" என்று முதலாளியின் அம்மா கத்தினாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். பின்வாசல் வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளியின் மனைவி அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்: "இல்லீங்க! இத்தனை நாளும் சமைச்சது அக்காதான். எனக்கு வெந்நீர் வைக்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாது!"

"சீ! இது தெரியாம இத்தனை நாள் தின்னு தொலைச்சேனே!" துணிக்கடைக்காரர் வாயைக் கொப்பளித்து வாசலில் துப்பிவிட்டுத் தெருவைக் கடந்தார். பாதிக் கடை அவர் பின்னால் போனது.

"உள்ளே போயிடு" என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

பின்வாசலின் காதில் பழைய பாத்திரங்கள் உருண்டன. ஆனாலும் வேறொரு வாணலியை அடுப்பில் ஏற்றினாள்.

"கண்ணால பாருங்கன்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க முதலாளி? பாக்கட்டும். இல்லேன்னா பலகையை இறக்குங்க, நான் போயிடறேன்."

முதலாளி பலகையைப் பார்த்தார், காலியான மேசைகளைப் பார்த்தார். பலகையை இறக்காமல் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர் மட்டும், "மீன் ஆயிடுச்சுன்னா எனக்கு ஒண்ணு குடுங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மீனை எண்ணெயில் இட்டுவிட்டு அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடி வழியாக எதிர்க்கடை தெரிந்தது. தொப்பிக்காரர் வாணலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன மூடிய கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான், வியர்த்துக் கொட்ட, அவளுடைய தங்கை சமைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டா இங்க சாப்பிடணும்யா! கை சுத்தம்னா இதுதான் சுத்தம்!" துணிக்கடைக்காரரின் குரல் தெருவைத் தாண்டி வந்தது.

அவள் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அதைச் சொன்னால் நாளைக்குத் தங்கையின் பாத்திரங்கள் தெருவில் உருளும். பயத்தோடு அதை விழுங்கினாள். மீனைத் திருப்பிப் போட்டாள், கண்ணாடியை விட்டு விலகவில்லை.

எதிரே துணிக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.