கவர்னர் வீட்டு உப்பு மண்

கவர்னர் சொன்னதை நம்பிப் பன்றி அறுத்தவர்களில் நானும் ஒருத்தி.

வளர்பிறை, முதல் கடுங்குளிர், வாளித் தண்ணீர் பனிக்கட்டியாக இறுகிக் கிடந்தது. தேய்பிறையில் அறுத்தால் இறைச்சி சட்டியில் சுருங்கிவிடும் என்பது எங்கள் மலையடிவாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அப்போதே அறுத்தாக வேண்டும். உப்புக்குத்தான் கவர்னர் ஆம்ப்ரோஸ் டில்லரி வாக்குக் கொடுத்திருந்தாரே. படைக்குப் போனவன் வீடு ஒவ்வொன்றுக்கும் உப்பு வரும், ரயில் கிளம்பிவிட்டது, தைரியமாக அறுங்கள் என்று நீதிமன்றப் படியில் நின்று சொன்னார்.

போன வருடம் அதே படியில், தொப்பியில் பிரிவினைக்காரர்களின் நீல ரிப்பன் குத்திக்கொண்டு, "நம்ம மாநிலம் அமெரிக்காவை விட்டுப் பிரிஞ்சாச்சு, சோளம் முத்தறதுக்குள்ள பசங்க வீட்டுக்கு வந்துருவாங்க" என்றவரும் அவரேதான். சோளம் இரண்டு தடவை முற்றிவிட்டது. என் வீட்டுக்காரர் லெமுவேல் இன்னும் வர்ஜீனியாவில் எங்கோ சேற்றில் கிடக்கிறார்.

அறுத்தோம். ரயில் வரவில்லை. பக்கத்து மாநிலத்துக்காரர்கள் எஞ்சினைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். அதோடு தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வேறு வீச ஆரம்பித்தது. லெமுவேலின் அக்கா கெசையா, தொங்கிக்கொண்டிருந்த தொடையில் கத்தியைச் செருகி எடுத்து முகர்ந்தாள்.

"இன்னும் கெடலை. நாளைக்கும் இப்படியே காஞ்சா நாய்க்குத்தான் போடணும்."

"நம்ம புகைக்கூடத்து மண்ணைக் காய்ச்சலாமா அண்ணி?"

"அதைப் போன வருஷமே காய்ச்சித் தின்னாச்சே. இப்ப அதுல மண்புழுதான் இருக்கு."

இறைச்சிக்குப் புகை போடும் கூடம் அது. உப்பிட்ட இறைச்சி வருடக்கணக்கில் தொங்கிச் சொட்டிச் சொட்டி, புகைக்கூடத்துத் தரை மண்ணிலும் உப்பு ஏறியிருக்கும். தோண்டி, தண்ணீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினால் கொஞ்சம் உப்பு தேறும். உப்புத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் தோண்டாத தரை இல்லை, ஒன்றைத் தவிர.

கவர்னர் பன்றி அறுப்புக்காகச் சொந்தப் பண்ணைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், ஊர்ப் பெண்கள் எல்லோரும் மண்வெட்டியும் களைக்கொத்துமாகக் கிளம்பினோம்.

கவர்னரின் மனைவி லவீனியா அம்மாள் வாசலுக்கு வந்து, எங்கள் சேற்றுக் கால்களைப் பார்த்துவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் போகச் சொன்னார். அங்கே கவர்னரே நொண்டிக்கொண்டு வந்தார். மெக்சிகோ சண்டையில் அடிபட்ட கால்.

"உப்பு இருந்தா குடுக்க மாட்டேனா? நேத்துதான் எங்க இறைச்சிக்கே கடைசி உப்பைத் தடவினோம். பீப்பாயைத் தட்டிப் பாரும்மா."

அண்ணி தட்டினாள். டொம்மென்று வெறும் சத்தம்.

"ஆமாங்க கவர்னர் ஐயா. ஒங்க வாக்கு மாதிரியே இருக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவர்னரின் காது சிவந்தது.

"வேற என்ன பண்ணச் சொல்றே? வானத்துலேருந்தா கொட்டும்?"

"வானம் வேணாம், ஒங்க புகைக்கூடத்துத் தரை போதும். அதை இதுவரைக்கும் யாரும் தொட்டதில்லையே."

"அது என் மாமனார் கட்டினது" என்றார் லவீனியா அம்மாள். "கவர்னர் வீட்டுத் தரையைப் பேத்தாங்கன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமேம்மா. சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

கவர்னர் பீப்பாயை ஓரமாகத் தள்ளினார். பிறகு சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஹெஸ்டர், எஃப்ரைமை மண்வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

ஹெஸ்டர் அந்த வீட்டு அடிமை, சமையல்காரி. எஃப்ரைம் அவள் புருஷன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எஃப்ரைம் இல்லீங்க எசமான்."

"எங்க போனான்?"

"நீங்கதானே கோட்டைக்கு மண்ணு வெட்ட கடலோரத்துக்கு அனுப்பினீங்க. இங்க இருந்த ஆம்பளைங்க எல்லாருமே அங்கதான்."

பண்ணைக்காரர்கள் எல்லோரும் அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர். மற்றவர்களுக்கு வழிகாட்டத் தன் ஆட்களைத்தான் முதலில் அனுப்பினார். அனுப்பியதை மறந்தும் போயிருந்தார்.

கவர்னர் மேல்கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். கொட்டகைக்குப் போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தார். லவீனியா அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புகைக்கூடத்து இறைச்சியை எல்லாம் வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோண்டினோம். கவர்னருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. மேல்மண்ணுக்குக் கீழே கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குக் கரித்தது. அண்ணியும் வாங்கி நக்கிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, மிட்டாய் தின்கிறவள் மாதிரி.

அடியில் ஓட்டை போட்டு வைக்கோல் பரப்பிய பீப்பாயில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். கீழே வடிந்ததை ஹெஸ்டர் பெரிய அண்டாவில் காய்ச்சினாள். கவர்னர் அடுப்பருகே உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொப்புளம் போட்டிருச்சா எசமான்?"

"ஆமா."

"அரை நாள்ல இப்படின்னா, எஃப்ரைம் கை எப்படி இருக்கும்."

அவர் கையை மூடிக்கொண்டார். "அவங்களை வரவழைக்கிறேன். சொல்றேன் கேளு..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க எசமான்." துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தாள். "நீங்க சொன்னதுதான் உப்பில்லாம இவங்க வீட்டுல கொக்கியில தொங்குது."

இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் முதுகுத்தோல் உரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். கவர்னர் எழுந்தார். லாயத்தைப் பார்த்துக் கத்தினார். மேற்பார்வைக்காரன் ஓடி வந்தான்.

"என் குதிரையிலேயே போ. கடலோரத்துல இருக்கற நம்ம ஜில்லா ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வா. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. இப்பவே கிளம்பு."

குதிரை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் ஹெஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்டாவைப் பார்த்தபடியே, "எங்க குடிசைக்கு இதுல பங்கு உண்டுங்களா?" என்றாள். கேட்டது அண்ணியிடம்.

அண்ணி கவர்னரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"காய்ச்சினவளுக்கு இல்லாமலா? எல்லாருக்கும் ஒரே அளவுதான். போய்ப் பாத்திரம் எடுத்துட்டு வா."

உப்பு பழுப்பாக, புகை நாற்றத்தோடு இருந்தது. அன்று சாயங்காலமே தேய்த்தோம். என் இறைச்சி கெடவில்லை, யாருடையதும் கெடவில்லை.

அடுத்த வளர்பிறைக்கு முன்னால் எஃப்ரைம் இருமிக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தான். கொழுப்பு உருக்க ஹெஸ்டரிடம் இரவல் வாங்கியிருந்த அண்டாவை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, குடிசைக்குப் பின்னால் அவன் ஒரு பன்றிப்பட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?" என்று ஹெஸ்டரைக் கேட்டேன்.

"எங்களுக்கு."

"எசமான் சரின்னாரா?"

"கேக்கலை."

எஃப்ரைம் அடுத்த ஆணியை அடித்தான். "என் தாய்ப்பன்றி வசந்தத்துல குட்டி போடும்" என்றேன். "பொட்டைக்குட்டி ஒண்ணு ஒனக்குத் தரேன்."

அவள் அண்டாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்கம்மா. கொண்டாங்க."

வசந்தத்தில் ஒரு நாள் குட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே கத்தல்.