செலினம்மாவின் மகன்

மூன்று ஞாயிறுகளில் மொத்தம் ஏழு மணி நேரம் செலினம்மா என் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வரைய வேண்டியது அவரை அல்ல, அவர் மகனை.

மண்டி மொஹல்லாவில் அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பேச ஆள் கிடையாது. பென்சிலால் முகத்துக்கு நிழல் போடப் பழகிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"அவனுக்கு போட்டோ ஒண்ணும் இல்ல டீச்சர். கண்ணும் மூக்கும் என்னைப் பார்த்துப் போடும்மா. தாடை மட்டும் அவங்கப்பாவோடது."

சுவரில் காலஞ்சென்ற கணவர் பெர்னார்டின் படம் தொங்கியது. கிறிஸ்துமஸுக்குள் மகனையும் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும் என்றார். பையன் பட்டாளத்தில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லையில் சண்டை நடந்த காலம். கேட்கக் கூச்சமாக இருந்தது.

முதல் ஞாயிறு எல்லாம் கோடாகவே வந்தது. கல்லூரியில் தவளை மண்டையோட்டை அப்படித்தான் வரைவோம். நிழல் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

"என்ன டீச்சர், அறுத்துப் பாக்க வச்ச மாதிரி இருக்கான்!"

சிரித்துவிட்டேன். அந்த வாரம் அதுதான் முதல் சிரிப்பு.

அடுத்த ஞாயிறு கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கோடுகள் போய் வெளிச்சமும் இருட்டும் மிஞ்சின. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தைத் தொடாமல் விட்டேன். மறு கன்னத்தில் மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். அதிகம் கறுத்துப்போன இடத்தில் ரப்பருக்குப் பதில் ரொட்டித் துணுக்கை ஒற்றி எடுத்தேன். மூக்கு தாளைவிட்டு எழுந்தது.

செலினம்மா நெடுநேரம் பார்த்தார். "மீசை வைம்மா. இருபத்தாறு வயசு."

வைத்தேன். மூன்றாம் ஞாயிறு, "மீசை வேண்டாம், எடுத்துடு" என்றார். எடுத்தேன், அழித்த தடம் உதட்டின் மேல் அழுக்காக நின்றது.

"கன்னம் ஏன் இப்படி ஒட்டிக் கிடக்கு? நல்லா சாப்பிட்டிருப்பானே."

"நிழலைக் குறைச்சா வயசும் குறைஞ்சுடும்."

"அப்போ குறைக்காதே. மீசை... வச்சுடலாமா?"

தாள் இன்னொரு முறை தேய்த்தால் கிழிந்துவிடும். பென்சிலைக் கீழே வைத்தேன்.

"மீசை இருக்கா, இல்லையாம்மா? கடைசியா நீங்க பார்த்தப்போ எப்படி இருந்தார்?"

செலினம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிறக்கும்போதே மூச்சில்ல டீச்சர். துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவன் முகத்தை நான் பார்த்ததே இல்ல."