நகர்ந்த வலி

"வலிக்கு இன்னா காலா முளைச்சிருக்குது, நடக்கறதுக்கு?" என்றான் சிங்காரவேலு.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே செஞ்சிக் கடைவீதியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய கற்பூரக் கடையில் யாருக்கும் கை ஓயவில்லை.

கடைக்குப் பின்கட்டில் அவன் மனைவி ஆதிலட்சுமி சுவரைப் பிடித்தபடி நின்றாள். "நேத்து தொப்புளாண்ட சுத்திக்கினு இருந்துது. விடியக்காலம் அங்கேருந்து எறங்கி வலப்பக்கம் வந்து குந்திக்கிச்சு. நகருதுன்னா நகருதுதான்."

"எல்லாம் வாய்வு. ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படு. அமாவாசை போவட்டும், வைத்தியரக் கூப்புடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு என்ன வந்தாலும் அவன்தான் பேர் வைப்பான். தலை கிறுகிறுத்தால் பித்தம். நெஞ்சு படபடத்தால் வெறும் பயம். வைத்தியரிடமும் அவனே சொல்வான். அவள் நாடி பார்க்கக் கையை மட்டும் நீட்டுவாள். அன்று அவள் ஓமத்தண்ணி டம்ளரைத் தொடவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கத் தெருவில் இறங்கி நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா நெல்லூர்க்காரி. இரைக்க இரைக்கப் பின்னாலேயே ஓடிவந்த சிங்காரவேலு முந்திக்கொண்டான். "வயித்துவலிங்கம்மா, வாய்வு..."

"எனக்குத்தான உடம்பு? நானே சொல்றேன்." என்றாள் ஆதிலட்சுமி. பார்வையைத் தாழ்த்தவில்லை.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "கண்ணு சுத்துதா?"

"கண்ணு ஏம்மா சுத்தும்? தலைதான் சுத்துது."

"அதேதான். எங்க தெலுங்குல கண்ணுதான் சுத்தும்." டாக்டரம்மா சிரித்தாள். பிறகு உள்ளங்கையைப் புரட்டிக் காட்டி, "வயிறு?" என்றாள்.

"பொரட்டுது."

"இது ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். வலி எப்படி?"

"நகருது." தொப்புளிலிருந்து வலப்பக்கமாக விரலால் கோடு இழுத்தாள்.

சிங்காரவேலு வாயெடுத்தான். டாக்டரம்மா அவனைக் கையமர்த்தினாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. விரல் நின்ற இடத்தில் மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தாள். ஆதிலட்சுமி அலறிவிட்டாள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. இப்பவே விழுப்புரம் போய் ஆபரேஷன் பண்ணணும்."

"நாளைக்கு அமாவாசை வியாபாரம் முடிஞ்சதும்..." என்று இழுத்தான் சிங்காரவேலு.

"கடையப் பூட்டிக்கினு வரீங்களா, நான் மட்டும் போவட்டுமா?" என்றாள் ஆதிலட்சுமி.

இப்படி ஒரு குரலை அவன் அவளிடம் கேட்டதில்லை. ஓடிப்போய்க் கடையைப் பூட்டினான். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை மறித்து, டிரைவர் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, குலுங்காமல் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே போனான்.

உயிர் பிழைத்தாள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார்கள்.

மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு நர்ஸ் வந்து, "எப்படி இருக்காங்க?" என்று அவனைக் கேட்டாள். அவன் கட்டிலில் இருந்தவளைக் கைகாட்டினான்.

"தையல் போட்ட இடம் இழுக்குது," என்றாள் ஆதிலட்சுமி. "சொல்ல இன்னும் இருக்குது. நின்னு கேளுங்க, சொல்றேன்."